விபத்தில்லாத நாள் 2,914

மூவோல் பல்கலைக்கழகத்தின் பயன்பாட்டுக் கணிதத் துறையில், மூன்றாம் மாடி நடைவழியில் ஒரு பச்சைப் பலகை தொங்குகிறது. 'இத்துறையில் விபத்தில்லாத நாட்கள்' என்று மேலே எழுதியிருக்கும். கீழே எண் அட்டைகளை மாட்ட நான்கு கொக்கிகள். மா சோராவின் நெற்றியில் மூன்று தையல் விழுந்த செவ்வாய்க்கிழமை, அதில் 2,914 என்று இருந்தது. மறுநாள் காலை 2,915 ஆனது.

சோரா அந்தத் துறையில் ஆறு வருடமாக முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறாள். கருத்தரங்கில் அதுவரை ஒரே ஒரு முறைதான் வாய் திறந்திருக்கிறாள். ஜன்னலைச் சாத்தலாமா என்று கேட்டாள். அந்தச் செவ்வாய்க்கிழமை பேசியது இரண்டாவது முறை.

"சார், உங்க கட்டுரையில நாலாம் பக்கத்துல, சுவர்ல போட்டிருக்கற அம்பு... உள்ள பார்க்குது. வெளிய பார்க்கணும்னு நினைக்கறேன்."

முன்வரிசையில் இருந்த மூத்த மாணவர்கள் ஒன்றுபோலத் தலை குனிந்தார்கள். பேராசிரியர் குவாக் குரலை உயர்த்தும்போதெல்லாம் அவர்கள் அப்படிக் குனிவார்கள். அது மரியாதை என்றுதான் ஆறு வருடமாக அவள் நினைத்திருந்தாள். கரும்பலகை அழிப்பான், மரக்கட்டைப் பக்கம் முன்னால் வர, குனிந்த தலைகளுக்கு மேலாகப் பறந்துவந்து அவள் நெற்றியில் பட்டபோதுதான் விஷயம் புரிந்தது.

"சோரா. அம்பு எந்தப் பக்கம் பார்க்குது?" என்று கேட்டார் குவாக்.

ரத்தம் புருவத்தில் இறங்கியது. அவள் குனிந்து குறிப்பேட்டைப் பார்த்தாள்.

"வெளிய, சார்."

சுண்ணக்கட்டிப் பெட்டி வந்தது. அது தோளில் பட்டது.

"இப்போ?"

"வெளியதான், சார்."

அடுத்தது கரும்பலகையில் வட்டம் போடும் பெரிய மரக் கவராயம். அது அவள் காதை ஒட்டிப் போய் பின்சுவரில் குத்தி நின்றது. சற்று நேரம் ஆடியது. எல்லோரும் அது ஆடி நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதிர்வு தணிவதைப் பார்த்துப் பழகியவர்கள்.

"நான் யாரையும் அடிக்கல. சுட்டிக்காட்டினேன். பத்து நிமிஷம் இடைவேளை" என்றார் குவாக்.

இடைவேளையில் பார்லித் தண்ணீரும் பஞ்சுக் கேக்கும் கொடுத்தார்கள்.

துறைமுகத்துக்குள் நுழைந்த அலை சுவரில் மோதி மோதித் தணிந்தே தீரும் என்று சொல்லும் கணிதச் சூத்திரம்தான் குவாக் சமனின்மை. இருபத்தெட்டு வருடத்துக்கு முன்னால் அவர் எழுதியது. அதை நம்பிக் கிழக்குக் கடலோரத்தில் நான்கு துறைமுகங்களுக்குச் சுவர் எழுப்பினார்கள். அதை வைத்து இருபத்துமூன்று பேர் முனைவர் ஆனார்கள். அந்தச் சமனின்மையைக் கல்லில் செதுக்கித் துறை வாசலில் நட்டிருக்கிறார்கள். புது மாணவர்கள் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள்.

சோராவின் ஊரான ஹேம்போ அந்த நான்கு துறைமுகங்களில் ஒன்று. அங்கே புயல் எச்சரிக்கை வந்தால் மீனவர்கள் படகை அவிழ்த்துக்கொண்டு நடுக்கடலுக்குப் போய்விடுவார்கள். துறைமுகத்துக்குள் விட்டால் படகு மிஞ்சாது. அவளுடைய அப்பா கணவாய் மீன் பிடிப்பவர். சமனின்மை என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாது. "அந்தச் சுவரு திருப்பி அடிக்குது, சோரா" என்று மட்டும் சொல்வார். அவள் அதைக் கணக்காகப் போட்டுப் பார்த்தாள். ஆறு வருடம் ஆனது. சுவரில் வரையும் அம்பு வெளியே பார்க்க வேண்டும் என்பது இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் பாடம். குவாக் அவசரத்தில் அதை உள்ளே பார்த்து வரைந்திருந்தார். அதனால் ஒரு கூட்டல் குறி கழித்தல் ஆகியிருந்தது. சுவர் அலையை வாங்கிக்கொள்ளவில்லை. அப்பா சொன்னதுதான் சரி.

இதையே ஆய்வேடாக எழுதிக் கொடுத்திருந்தாள். வாய்மொழித் தேர்வு அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை. அன்று மாலை ஐந்து மணிக்குள் ஐந்து தேர்வாளர்களின் முத்திரையும் விழுந்த ஒப்புதல் தாள் அலுவலகத்துக்குப் போக வேண்டும். போனால் பட்டம். பட்டம் இருந்தால் தேஜோனில் கடலலை ஆய்வுக்கூடத்தில் வேலை. இந்த முறை தவறினால் வேலை வேறொருவருக்குப் போய்விடும். சுவரை இடித்துக் கட்டச் சொல்லும் அதிகாரம் அந்த ஆய்வுக்கூடத்துக்குத்தான் உண்டு.

புதன்கிழமை காலை, நெற்றிக் கட்டுடன் அவள் துறை அலுவலகத்துக்குப் போனாள். யோங்சுக் அக்கா பதினெட்டு வருடமாக அங்கே எழுத்தர். மேசையில் கற்றாழைத் தொட்டி, கால் சூடாக்கி, எல்லா வகைப் படிவங்களும் வைத்திருப்பாள்.

"அக்கா, விபத்துப் படிவம் வேணும்."

"கணிதத்துலயா? யாரும் கேட்டதே இல்லையே." அக்கா தூசி தட்டி எடுத்தாள். "வகை சொல்லு. அமிலம், தீ, மின்சாரம், கதிர்வீச்சு, விலங்குக் கடி."

"இதுல பேராசிரியர் இல்லையா?"

"அஞ்சுதான் இருக்கு."

"விலங்குக் கடின்னு போடலாமா?"

"கடிச்சாரா?"

"இல்ல."

"அப்புறம் எப்படிப் போடறது?" அக்காவுக்கு உண்மையிலேயே வருத்தம்தான். "பாரு, நம்ம துறை குறைந்த ஆபத்துப் பிரிவு. இங்க விபத்து நடக்காதுன்னு பாதுகாப்பு அலுவலகம் எழுத்துல குடுத்திருக்கு. நடந்தா அந்த எழுத்து பொய்யாயிடும். நடக்காத விபத்துக்குன்னு ஒரு பெட்டி கீழ இருக்கு. 'சொந்த அலட்சியம்'. அதுல டிக் போடறேன். ஆறு மணி நேரம் பாதுகாப்புப் பாடம் பார்க்கணும், அவ்வளவுதான்."

சோரா அன்று ஆறு மணி நேரம், கண்ணில் அமிலம் பட்டால் எப்படிக் கழுவுவது என்று பார்த்தாள். கடைசித் தேர்வில் நூற்றுக்கு நூறு வாங்கினாள்.

வியாழக்கிழமை தேஷிக் அவளை நகல் அறைக்குக் கூப்பிட்டான்.

தேஷிக் அவளுக்கு ஏழு வருடம் மூத்தவன். குவாக் சமனின்மையில் முனைவர் ஆன இருபத்துமூன்றாவது ஆள். முதல் வருடம் அவளுக்குக் குடியிருக்க அறை பார்த்துக் கொடுத்தவன். ஆய்வகத்தில் எல்லோரும் நூடுல்ஸ் சாப்பிடும்போது தன் கிண்ணத்து முட்டையை அவள் கிண்ணத்தில் போடுவான். அன்று அவன் கதவைத் தாழ்போட்டான். கையில் தன் ஆய்வேட்டைப் பிடித்திருந்தான். கறுப்பு அட்டை, பொன்னெழுத்து, இருநூற்றுப் பதினாலு பக்கம்.

"சோரா, பேராசிரியர் சொல்லிட்டாரு. சின்னவங்களைக் கட்டுப்பாட்டுல வெக்கறது பெரியவங்க பொறுப்பாம். முதுகா, கையா, நீயே சொல்லு."

"அண்ணே, விளையாடாதீங்க."

"விளையாடற மூஞ்சியா இது?"

முதுகில் மூன்று அடி விழுந்தது. பொன்னெழுத்து கொஞ்சம் உதிர்ந்தது. நான்காவதற்குக் கை ஓங்கியவனை அவள் திரும்பிப் பார்த்துக் கேட்டாள்.

"அண்ணே. உங்க மூணாம் அத்தியாயத்துல அந்தக் கணக்கை நீங்களே ஒருதரம் போட்டுப் பார்த்திருப்பீங்கதானே?"

அவன் ஓங்கிய கையை இறக்கி, அட்டையில் உதிர்ந்த பொன்தூளைத் துடைத்தான்.

"பார்த்தீங்களா இல்லையா?"

"பார்த்தேன்."

"அம்பு எந்தப் பக்கம்?"

தேஷிக்கின் உதடு கோணியது. அவள் வலது கையைப் பிடித்து நகல் இயந்திரத்தின் கண்ணாடியில் வைத்து, மூடியை ஓங்கி அடித்தான். மூடி கனமானது. ஏதோ முறியும் சத்தம் கேட்டது. அவன் முழங்கை பட்டு பச்சைப் பொத்தான் அழுந்தியது. இயந்திரம் தன் வேலையைச் செய்தது. சூடாக ஒரு தாள் வெளியே வந்தது. அதில் அவள் கை, இரண்டு விரல்கள் இருக்கக்கூடாத கோணத்தில், நல்ல தெளிவாக விழுந்திருந்தது.

பிறகு அவன்தான் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனான். எலும்புப் பிரிவின் வாசலில் அவளுக்கு வாழைப்பழப் பால் வாங்கி, உறிஞ்சுகுழல் குத்தி, இடது கையில் கொடுத்தான்.

"எனக்குக் கொழந்தை பிறந்திருக்கு, சோரா. பட்டத்தைப் புடுங்கிட்டா நான் எங்க போவேன்?" என்றான்.

அவள் பாலைக் குடித்தாள்.

வெள்ளிக்கிழமை அவள் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு பல்கலைக்கழக மனித உரிமை மையத்துக்குப் போனாள். அங்கே மென்மையான இசை ஓடிக்கொண்டிருந்தது. மேசையில் காகிதக் கைக்குட்டைப் பெட்டி இருந்தது. ஆலோசகர் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது நகல். அசல் இல்லாம நாங்க எதையும் ஏத்துக்க முடியாதுங்க."

சோரா கட்டுப் போட்ட கையை மேசைமேல் வைத்தாள்.

"இது அசல்தான். ஆனா இதைக் கோப்புல வெக்க முடியாதே" என்றார் அவர், அனுதாபத்துடன். "சரி, உங்க புகாரை எங்க குழுத் தலைவருக்கு அனுப்பறேன். அவரு விசாரிச்சுச் சொல்லுவாரு. மனித உரிமைன்னா அவருக்கு உயிரு."

"யாருங்க தலைவர்?"

"உங்க துறைக்காரர்தான். பேராசிரியர் குவாக்."

திங்கள் காலை பலகையில் 2,920 இருந்தது. அன்று அம்பு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று முடிவெடுக்கத் துறைக் கூட்டம் கூடியது.

கூட்டக் குறிப்பு எழுதுவது சோராவின் வேலை. கையெழுத்துக்குப் பதிலாகப் பேராசிரியர்களின் முத்திரையை வைப்பதும் அவள் வேலைதான். அவள் சேர்ந்த முதல் வாரத்தில் பேராசிரியர்கள் எல்லோரும் தங்கள் பெயரில் ஆளுக்கொரு மர முத்திரை செதுக்கி அவளையே வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். சுரங்க ரயில் நிலைய வாசலில் ஒரு கடைக்காரர் அரை மணியில் செதுக்கிக் கொடுத்தார். ஒவ்வொரு காகிதத்துக்கும் பேராசிரியர்களைத் தேடிப் போய்த் தொந்தரவு செய்யக்கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. அடிக்கடி தேர்வுக்கு வரும் வெளியூர்ப் பேராசிரியர்கள் இருவரும்கூட ஆளுக்கொன்று செதுக்கச் சொல்லியிருந்தார்கள். எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில், சிவப்பு மைப்பெட்டியோடு, அவள் முதுகுப் பையில் இருந்தன. ஆறு வருடமாகத் துறையின் கூட்டங்கள், திட்ட அறிக்கைகள், பாராட்டுரைகள், பாதுகாப்பு உறுதிமொழிகள் எல்லாவற்றையும் அந்த டப்பாதான் ஒப்புக்கொண்டிருந்தது.

அம்பு உள்ளேதான் பார்க்க வேண்டும் என்று குவாக் தீர்மானம் கொண்டுவந்தார். பேராசிரியை யாங் எழுந்தார். அடுத்த துறைத் தலைவர் ஆகக் காத்திருப்பவர் அவர்.

"குவாக் சார் ஓய்வு பெறப்போற நேரத்துல இதைச் சொல்ல எனக்கு மனசு வரல. ஆனா அம்பு வெளியதான் பார்க்கணும்."

"நேத்துவரைக்கும் உள்ளதானேம்மா பார்த்துச்சு உனக்கு?" என்றார் பேராசிரியர் ரியூ. அவர் குவாக்கின் முதல் மாணவர்.

"நேத்துவரைக்கும் நீ மூஞ்சியில மூக்கோடதான் இருந்தே" என்று யாங் தண்ணீர்க் குடுவையால் அடித்தார். ரியூவின் மூக்கு ஒரு பக்கமாகப் போனது. ரியூ மேசைமேல் ஏறி யாங்கின் தலைமுடியைப் பிடித்து மேசை விளிம்பில் இரண்டு முறை மோதினார். மற்றவர்கள் தரப்புக்கு ஏற்ப நாற்காலிகளைத் தூக்கினார்கள். நிகழ்தகவு படிப்பிக்கும் வயதான பேராசிரியர் ஒருவர் யாரை அடிப்பதென்று தெரியாமல் சீட்டுப் போட்டுப் பார்த்து, பக்கத்தில் இருந்தவரை அடித்தார்.

சோரா மேசைக்கு அடியில் உட்கார்ந்து இடது கையால் எழுதினாள். 'பேராசிரியை யாங் மாற்றுக் கருத்தை முன்வைத்தார். பேராசிரியர் ரியூ அதற்கு விரிவாகப் பதிலளித்தார். ஆழமான கருத்துப் பரிமாற்றம் நடைபெற்றது.'

அப்போது புலத் தலைவர் உள்ளே வந்தார். பரஸ்பர மரியாதை வாரத்தை முன்னிட்டு ஒவ்வொரு துறையிலும் பேசிக்கொண்டு வந்தார். உயரமான, வாசனையான மனிதர். கீழே கிடந்த ரியூவைத் தாண்டி வந்து மேசையின் தலைமாட்டில் நின்றார். எல்லோரும் நாற்காலிகளைக் கீழே வைத்து அவற்றில் உட்கார்ந்தார்கள்.

"நண்பர்களே, நான் படிச்ச காலத்துல எங்க பேராசிரியர் இரும்பு அளவுகோலால அடிப்பாரு. இன்னைக்குப் பாருங்க, எல்லாம் மரம்தான். இதுதான் முன்னேற்றம். எங்க கூட ஒருத்தர் இருந்தாரு, வகுப்புல கேள்வி கேட்டாரு. இப்ப அவரு கண்ணு ஒண்ணுதான். ஆனா அந்த ஒரு கண்ணால எவ்வளவு தெளிவா பார்க்கறாரு தெரியுமா? மாணவர்களை நாம சொந்தப் பிள்ளைங்க மாதிரி நடத்தணும். என் பிள்ளைங்க ரெண்டு பேரும் என்கூடப் பேசறதில்ல. ஏன்? மரியாதை!" அவர் சுற்றிலும் பார்த்தார். "இந்த வருஷமும் நம்ம புலத்துல ஒரு புகார்கூட நிரூபிக்கப்படல. அதுக்காக மனித உரிமை மையத்துக்கு நான் நன்றி சொல்லணும்."

குவாக் எழுந்து தலைவணங்கி அந்த நன்றியை ஏற்றுக்கொண்டார்.

பிறகு வாக்கெடுப்பு நடந்தது. ஏழுக்கு நான்கு என்ற கணக்கில் அம்பு உள்ளே பார்ப்பதாக முடிவானது. யாங்கின் காதிலிருந்து ரத்தம் குறிப்பேட்டில் சொட்டியது. சோரா அதைச் சுற்றி எழுதி, டப்பாவைத் திறந்து, பதினோரு முத்திரை வைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை அப்பா தொலைபேசியில் பேசினார். பின்னால் இயந்திரப் படகின் இரைச்சல் கேட்டது.

"புயல் வருதாம். படகை வெளிய எடுத்துட்டுப் போறோம். ரெண்டு நாளைக்கு போன் எடுக்காது, பயப்படாதே. உனக்கு இன்னைக்குத்தானே பரீட்சை?"

"ஆமாப்பா."

"பெரிய வாத்தியாருங்ககிட்ட பார்த்துப் பேசு. கோவப்பட்டாங்கன்னா நீ அடங்கிப் போயிடு."

"சரிப்பா. நீங்க உள்ளயே கட்டிட்டு வீட்ல இருங்களேன்."

அப்பா சிரித்தார். "படிச்ச பொண்ணு பேசற பேச்சா இது? போன வருஷம் பக்கத்து வீட்டு ஓ-வோட படகு உள்ள கட்டித்தானே நொறுங்குச்சு. வெக்கறேன்."

தேர்வு நான்கு மணிக்கு. ஐந்து தேர்வாளர்கள். குவாக், ரியூ, யாங், பிறகு குவாக்கின் பழைய மாணவர்களான அந்த வெளியூர்ப் பேராசிரியர்கள் இருவர். ரியூவின் மூக்கில் பஞ்சு. யாங்கின் தலையில் வலைக்கட்டு. தேர்வாளர்களுக்குச் சிற்றுண்டி வைப்பது தேர்வுக்கு வருபவரின் கடமை. சோரா அரிசிக் கேக், பல்குத்தும் குச்சி செருகிய பேரிக்காய்த் துண்டுகள், காப்பி எல்லாம் வைத்திருந்தாள். ஒவ்வொருவர் முன்னாலும் அவரவர் அறையிலிருந்து பெயர்ப்பலகையைக் கொண்டுவந்து வைப்பதும் வழக்கம். கறுப்பு அரக்கில் சிப்பி இழைத்த, இரண்டு சாண் நீளக் கனத்த கட்டைகள். குவாக்கினுடையது எல்லாவற்றிலும் பெரியது. தேஷிக் நேரம் பார்க்கும் மணியுடன் மூலையில் உட்கார்ந்திருந்தான்.

இருபது நிமிடம் அவளைப் பேச விட்டார்கள். பிறகு குவாக் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். குரல் அன்பாக இருந்தது.

"நல்லா வந்திருக்கு, சோரா. ஆறு வருஷம் கஷ்டப்பட்டிருக்கே. எல்லாம் அப்படியே இருக்கட்டும். ஒரே ஒரு அம்பு. ரெண்டு சென்டிமீட்டர் கோடு. அதைத் திருப்பிப் போடு. அஞ்சு பேரும் இப்பவே முத்திரை வெச்சிடறோம். திங்கக்கிழமை தேஜோனுக்குக் கெளம்பிடலாம்."

மற்ற நால்வரும் பேரிக்காய்த் துண்டுகளைப் பார்த்தார்கள். யாங்கும் அதையே பார்த்தார். சோராவின் அம்பால் அவருக்கு ஆக வேண்டிய காரியம் வாக்கெடுப்பில் தோற்ற அன்றே தீர்ந்துபோயிருந்தது.

சோரா கரும்பலகைக்குப் போனாள். இடது கையில் சுண்ணக்கட்டியை எடுத்தாள். இப்போது அப்பாவின் படகு எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று யோசித்தாள். துறைமுகத்தின் வளைந்த சுவரை வரைந்தாள். அதன்மேல் அம்பு வரைந்தாள். கோணலாக இருந்தாலும், வெளியேதான் பார்த்தது.

"மன்னிச்சிடுங்க, சார்" என்றாள்.

யாங் சிரித்துவிட்டார். அடக்கப் பார்த்து முடியாமல் வந்த சிரிப்பு. "இருபத்தெட்டு வருஷம்!" என்றார். "இடது கையில பத்து செகண்டு!"

குவாக் பெயர்ப்பலகையை இரண்டு கையாலும் தூக்கி யாங்கின் முகத்தில் அடித்தார். சிப்பித் துணுக்குகள் காப்பியில் விழுந்தன. யாங் சாயும்போது தன் பலகையைப் பிடித்துக்கொண்டே சாய்ந்தார். அது ரியூவின் முழங்காலில் இறங்கியது. ரியூ வலியில் கையை வீச, வெளியூர்க்காரர்களில் ஒருவருக்குப் பல் போனது. அவர் மற்ற வெளியூர்க்காரர்தான் அடித்தார் என்று நினைத்துக் கழுத்தைப் பிடித்தார். இருவரும் ஜன்னல் திரையைச் சுற்றிக்கொண்டு கீழே உருண்டார்கள். ஒருவர் கடித்தார். இதை விலங்குக் கடி என்று போடலாம் என்று சோராவுக்குத் தோன்றியது.

தேஷிக் எழுந்து குவாக்கின் கையைப் பிடித்தான். "சார், போதும் சார். அவ சரியாத்தான் சொல்றா."

"யாரு சரி?"

"அம்பு வெளியதான் சார். நானும் போட்டுப் பார்த்தேன். எட்டு வருஷத்துக்கு முன்னாலேயே."

குவாக் கையை உதறி விடுவித்துக்கொண்டார். பிறகு நேரம் பார்க்கும் பித்தளை மணியை எடுத்து அவன் வாயில் அடித்தார். மணி ஒலித்தது. தேர்வு முடிந்ததற்கான ஒலி அது.

நான்கரை மணிக்கு அந்த அறையில் நின்றுகொண்டிருந்தவர்கள் குவாக்கும் சோராவும் மட்டும்தான். குவாக் கழுத்துப் பட்டையைச் சரிசெய்தார்.

"அஞ்சு முத்திரை வேணும் உனக்கு. எங்க வாங்குவே? இவங்க எழுந்துக்கறதுக்கு ராத்திரி ஆயிடும்" என்றார். "நான் இப்பவே அலுவலகத்துக்குப் போய், தோல்வின்னு எழுதி முத்திரை வெக்கறேன். எங்கப்பா குடுத்த பச்சைக்கல் முத்திரை. இத்தனை வருஷத்துல அதை நான் வெளிய எடுத்ததில்ல. உனக்காக எடுக்கறேன்."

முத்திரையை எடுக்க அவர் தன் அறைக்குப் போனார். பெயர்ப்பலகையையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு போனார்.

சோரா ஒப்புதல் தாளைப் பார்த்தாள். ஐந்து பெயர்கள், ஐந்து வெறும் வட்டங்கள். அவளுக்கு அழுகை வந்தது. தரையில் கிடந்த தேஷிக் ஏதோ சொன்னான். வாயில் ரத்தம் இருந்ததால் சரியாகக் கேட்கவில்லை. அவள் பக்கத்தில் மண்டியிட்டாள்.

"டப்பா" என்றான். "டப்பா உன் பையிலதானே இருக்கு, மக்கு."

அவள் பையைத் திறந்தாள். பிஸ்கட் டப்பாவின் மூடி இறுகியிருந்தது. ஒரு கையால் வரவில்லை. தேஷிக் கையை நீட்டி டப்பாவைப் பிடித்துக்கொண்டான். மூடி வந்தது. குவாக், ரியூ, யாங், அந்த இரண்டு வெளியூர்க்காரர்கள். இடது கையால் ஐந்தையும் வைத்தாள். ஐந்தும் கோணலாக விழுந்தன.

அலுவலகத்துக்கு அவள் ஓடியபோது மணி நான்கு ஐம்பத்திரண்டு. யோங்சுக் அக்கா கால் சூடாக்கியை அணைத்துக்கொண்டிருந்தாள்.

"ஐயோ, இந்தப் பொண்ணு! கடைசி நிமிஷத்துலதான் வரணுமா?" அவள் தாளை வாங்கி, மாதிரி முத்திரைப் பதிவேட்டைத் திறந்து, பூதக்கண்ணாடியை வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டாள். "குவாக் சரி. ரியூ சரி. யாங் சரி. இதுவும் சரி. இதுவும். கோணலா வெச்சிருக்காங்க, பரவால்ல. பெரிய மனுஷங்க அப்படித்தான் வெப்பாங்க." 'பெறப்பட்டது' என்று முத்திரை அடித்தாள். மணி நான்கு ஐம்பத்தைந்து.

அப்போதுதான் குவாக் வந்தார். சோராவைத் தள்ளிவிட்டு, தோல்வி அறிக்கையை மேசையில் வைத்தார். அதில் பச்சைக்கல் முத்திரை அழகாக, நேராக விழுந்திருந்தது. அக்கா பூதக்கண்ணாடியை எடுத்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"சார், இது யாரோட முத்திரை?"

"என்னோடது!"

"பதிவேட்டுல இல்லையே."

"எங்கப்பா குடுத்ததும்மா! பச்சைக்கல்லு!"

"பதிவேட்டுல மரம் சார்." அக்கா பதிவேட்டைத் திருப்பிக் காட்டினாள். "ஆறு வருஷமா இதுதான் உங்க முத்திரை. நீங்க சொல்றதுதான் நிஜம்னா, இந்த மர முத்திரை விழுந்த காகிதமெல்லாம் போலின்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. திட்ட அறிக்கை அறுபத்தொண்ணு. அப்புறம் உங்க ஓய்வுப் பதக்க விண்ணப்பம். போன திங்கக்கிழமை அம்பு உள்ள பார்க்குதுன்னு போட்ட தீர்மானம். எல்லாத்தையும் ரத்து பண்ணிட்டு இதை ஏத்துக்கறேன்."

குவாக்கின் முகத்தில் எல்லாம் கூட்டிக் கழித்துப் பார்ப்பது தெரிந்தது. பிறகு மெதுவாகத் திரும்பினார். சோரா கதவு நிலையில் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் குறுகிய நடைவழி, அதற்கு அப்பால் சுவர், சுவரில் பச்சைப் பலகை.

அவர் பெயர்ப்பலகையைத் தலைக்கு மேல் ஓங்கி எறிந்தார்.

ஆறு வருடம் முன்வரிசையைப் பார்த்தவள் அவள். மிகுந்த மரியாதையுடன் தலை குனிந்தாள்.

பெயர்ப்பலகை அவள் தலைக்கு மேலே போனது. எதிர்ச்சுவரில் முழு வேகத்தில் மோதியது. சுவர் அதை வாங்கிக்கொள்ளவில்லை. வந்த வழியே திரும்பிவந்த கட்டை, அவள் தலையை மறுபடியும் தாண்டி, குவாக்கின் நெற்றியில் நட்டநடுவே இறங்கியது. அவர் கற்றாழைத் தொட்டியோடு சேர்ந்து விழுந்தார். நடைவழியில் எண் அட்டைகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழும் சத்தம் கேட்டது.

அக்கா எட்டிப் பார்த்தாள். "மூச்சு இருக்கு. மூணு தையல் போடணும்" என்றாள். ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு, இழுப்பறையைத் திறந்து படிவத்தை எடுத்தாள்.

"எனக்கு அஞ்சு மணிக்குப் பஸ். நீயே நிரப்பிடு, சோரா. வகை தெரியும்ல?"

"தெரியும் அக்கா."

அக்கா நடைவழிக்குப் போய் அட்டைகளைப் பொறுக்கினாள். 2,924 என்று மறுபடி மாட்டினாள். சற்று யோசித்து, திங்கட்கிழமை வந்து மாற்ற வேண்டியதை இப்போதே 2,927 என்று மாற்றிவிட்டுக் கிளம்பினாள்.

சோரா தரையில் உட்கார்ந்து, படிவத்தை டப்பா மூடியின்மேல் வைத்து, இடது கையால் எழுதினாள். பெயர், குவாக் இன்சு. காயம், நெற்றி. காரணம் என்ற இடத்தில் எல்லாப் பெட்டிகளையும் ஒருமுறை படித்துவிட்டு, 'சொந்த அலட்சியம்' என்பதில் டிக் போட்டாள். பாதிக்கப்பட்டவரின் ஒப்புதல் என்று கீழே ஒரு வட்டம் இருந்தது.

டப்பாவிலிருந்து அவருடைய மர முத்திரையை எடுத்து, மை தொட்டு, அதில் அழுத்தினாள். இந்த முறை நேராக விழுந்தது.